"மேடம், பாடத்துல இல்லாதது ஒண்ணு கேக்கலாமா?"

தருமபுரி மாவட்டம், அரூர் பக்கத்தில் ஒரு கிராமம். மகளிர் கூட்டமைப்புக் கட்டடத்தின் தரையில் விரித்த ஜமுக்காளத்தில் 26 பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு சுய உதவிக் குழுக்களுக்குச் சேர்த்து ஒரே நாளில் பயிற்சி. தலைப்பு, செல்போனில் பணம் அனுப்புவதும் ஏமாறாமல் இருப்பதும்.

பயிற்றுநர், சுவரில் ஒட்டிய க்யூ.ஆர் கோடு அட்டையைக் காட்டுகிறார். "இதை ஸ்கேன் பண்ணினா நம்மகிட்ட இருந்து பணம் போகும். நமக்கு வராது. பணம் வர்றதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். யாராவது 'பணம் அனுப்புறேன், பின் நம்பர் போடுங்க'ன்னு சொன்னா என்ன பண்ணணும்?"

"போனை வெச்சிடணும்" என்று நாலைந்து குரல்கள். வகுப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்கிறது.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்கம்மா."

"எனக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் வரல. எங்க நாத்தனாருக்கு வருது. ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் எழுதிக் குடுத்தோம்."

அவ்வளவுதான். "எனக்கு மூணு மாசம் வந்து நின்னுபோச்சு" என்கிறார் ஒருவர். "எங்க மாமியாருக்கு முதியோர் பென்ஷன் எழுதிப் போட்டு ஒரு வருஷம் ஆச்சு." "நூறு நாள் வேலைக் காசு எங்க போவுதுனே தெரியல." "ரேஷன்ல கைரேகை விழ மாட்டேங்குது மேடம், அதுக்கு யாரைப் பார்க்கணும்?" க்யூ.ஆர் கோடு அட்டையை இப்போது யாரும் பார்க்கவில்லை. முன்வரிசைப் பாட்டி ஒருவர் வெற்றிலைப் பையைத் திறந்துவிட்டார்.

வகுப்பு எடுத்தவர்கள் எல்லோருக்கும் இந்த நிமிடம் தெரியும். கேட்டவர் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது நியாயமான கேள்வி. ஆனால், வகுப்பு கையை விட்டுப் போகிறது. அதட்டினால் அமைதியாகிவிடுவார்கள், அதற்குப் பிறகு எதையுமே கேட்க மாட்டார்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் மதியம் வரை அதுவே ஓடும்.

பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் கதவோரம் போகிறார். அங்கே ஒரு வெள்ளை சார்ட் தொங்குகிறது. மேலே 'அப்புறம் பேசலாம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. மார்க்கரை எடுத்து, 'ஆயிரம் ரூபாய் - ஒருத்தருக்கு வருது, ஒருத்தருக்கு வரல, ஏன்?' என்று எழுதுகிறார். "நீங்க கேட்டதைச் சரியா எழுதியிருக்கேனா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறார். அவர் தலையாட்டுகிறார். மற்ற கேள்விகளும் ஒவ்வொன்றாக ஏறுகின்றன.

"வண்டியை எல்லாம் இங்க நிறுத்தியாச்சு. சாவி உங்ககிட்டதான் இருக்கு. எடுக்காம யாரும் ஊருக்குப் போகக் கூடாது" என்கிறார். சிரிப்பு. வெற்றிலைப் பை மூடுகிறது. வகுப்பு மறுபடி க்யூ.ஆர் கோடுக்கு வருகிறது. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்.

இந்த மூன்று நிமிடத்தைக் கற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

தையல் மெஷினிலிருந்து மார்க்கருக்கு

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கியது இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான். இந்தப் பயிற்றுநரின் அம்மா அந்தக் காலத்துக் குழுவில் இருந்தவர். இவரும் கல்யாணமாகி வந்த ஊரில் ஒரு குழுவில் சேர்ந்தார், ஊக்குநர் ஆனார், தீர்மான நோட்டு எழுதினார், பேங்க்குக்கு நடந்தார். வீட்டில் தையல் மெஷின். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. 2021-ல் நிதிக் கல்விப் பயிற்றுநராகத் தேர்வாகி, சில நாள் பயிற்சிக்குப் பிறகு கையில் ஒரு கையேட்டையும் ஒரு ஃபிளிப் சார்ட்டையும் கொடுத்து அனுப்பினார்கள்.

கையேடு நல்ல கையேடுதான். சேமிப்பு, கடன், காப்பீடு, பென்ஷன், செல்போன் பரிவர்த்தனை என்று பாடம் பாடமாக இருக்கும். எந்தப் பாடத்துக்கு எத்தனை நிமிடம் என்றுகூட இருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் என்ன கேட்பார்கள் என்பது மட்டும் அதில் இல்லை.

"முதல் வகுப்புல காப்பீடு பத்திச் சொல்லிட்டிருக்கேன். ஒரு அக்கா எழுந்து, 'எங்க வீட்டு மாடு கன்னு போட்டு பால் இறங்கல, அதுக்கு ஏதாவது திட்டம் இருக்கா'ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. நம்ம பேச்சை யாருமே கேக்கலைனு நினைச்சேன். வீட்டுக்குப் போயி யோசிச்சாதான் தெரியுது. அவங்க கேட்டுட்டுத்தான் இருந்திருக்காங்க. காப்பீடுன்னதும் அவங்களுக்கு மாடு ஞாபகம் வந்திருக்கு. அந்த வீட்டுல சம்பாதிக்கிறது அந்த மாடுதான்."

இதற்குள் நேரக் கணக்கு வேறு. பெண்கள் வருவது கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில். அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை, கட்டுத்தறியில் காத்திருக்கும் மாடு, தண்ணீர் விடும் நேரம் என எல்லாம் அந்த பஸ்ஸோடு கட்டப்பட்டவை. பத்தரைக்கு ஆரம்பித்தால் இரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டும். அதில் டீ, வருகைப் பதிவு, போட்டோ. மிச்சம் இருப்பதில் ஆறு பாடம்.

ஆரம்பத்தில் அவர் கையாண்ட முதல் வழி கண்டிப்பு. 'பாடத்துல இருந்து மட்டும் கேளுங்க' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார். வகுப்பு அமைதியாக ஓடும். நேரத்துக்கு முடியும். ஆனால், மறு மாதம் போய்க் கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவில் இருக்காது. அடுத்து, எதைக் கேட்டாலும் பதில் சொல்லிப் பார்த்தார். மாட்டுக் கடனில் ஆரம்பித்து, பட்டா மாறுதல் வழியாக, மருமகளுக்குக் கொடுமை செய்யும் மாமியார் வரை போய், செல்போன் பாடத்துக்கு 20 நிமிடம்தான் மிஞ்சியது. போனில் ஆப் திறக்கக்கூடத் தெரியாமல் பாதிப் பேர் பஸ் ஏறினார்கள். அவர்களும் காலையிலிருந்து கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே?

மூன்றாவதாகக் கண்டுபிடித்தது, எல்லாப் பயிற்சியாளர்களும் கண்டுபிடிப்பதுதான். 'நல்ல கேள்வி... கடைசியில பார்க்கலாம்.' அந்தக் கடைசி வந்ததே இல்லை. கடைசியில் பஸ்தான் வரும்.

சிரித்துக்கொண்டே சொன்ன பதில்

2023-ம் வருடத் தொடக்கம். வேறு ஒரு கிராமம். அன்றைக்கும் செல்போன் பாடம்தான். ஆப்பை எப்படி இறக்குவது, பின் நம்பர் எப்படி வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருப்பவர். வகுப்பில் அதுவரை வாய் திறக்கவில்லை.

"மேடம், சும்மா கேக்குறேன். நம்ம போன்ல இருக்குற போட்டோவை வேற யாராவது எடுத்து, வேற மாதிரி மாத்த முடியுமா?"

பின்னால் யாரோ, "ஏன் அக்கா, சினிமாவுல நடிக்கப் போறியா?" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. பயிற்றுநரும் சிரித்தார்.

"அது இன்னிக்குப் பாடம் இல்லைம்மா. இன்னொரு நாள் பேசலாம்."

அந்தப் பெண்ணும் சிரித்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் ஆப் இறக்கினார்கள். அன்றைக்கு நேரத்துக்கு வகுப்பு முடிந்தது. குரூப் போட்டோவில் அவரும் இருக்கிறார், ஓரத்தில், முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி.

ஒரு மாதம் கழித்து அந்தக் குழுவின் தீர்மான நோட்டைப் பார்க்கப் போனபோது, வருகைப் பதிவில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராகத் தொடர்ந்து காலி. சந்தாவும் கட்டவில்லை. "ஊர்ல இல்லியா?" என்று கேட்டார். ஊக்குநர் முதலில் மழுப்பினார். பிறகு, மற்றவர்கள் போனதும் சொன்னார்.

போனில் விளம்பரம் பார்த்து, ஒரு கடன் ஆப்பில் 5,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். கைக்கு வந்தது 3,200. மிச்சம் ஏதோ கட்டணமாம். ஏழே நாளில் முழுசாகக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். கட்ட முடியாமல் இன்னொரு ஆப், அதை அடைக்க இன்னொன்று. ஆப்பை இறக்கும்போது அது கேட்டதற்கெல்லாம் 'சரி' கொடுத்திருந்தார். போனில் உள்ள நம்பர்கள், போட்டோக்கள் எல்லாம் அவர்கள் கையில். 'ரெண்டு நாள் டைம். இல்லைன்னா உன் போட்டோவை மாத்தி எல்லாருக்கும் அனுப்புவோம்' என்று மிரட்டல் வந்த மறுநாள்தான் அந்தப் பயிற்சி.

பயிற்சி நடந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை அவருடைய கொழுந்தனுக்கு, இட்லி மாவு வாங்க வருகிறவர்களுக்கு, குழுவின் ஊக்குநருக்கு எனப் பலருக்கும் அந்தப் படம் போனது. கோயில் திருவிழாவில் மகளோடு எடுத்த போட்டோவிலிருந்து வெட்டிய முகம். ஊக்குநர் பார்த்தவுடன் அழித்துவிட்டார். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. ஆட்டை விற்று, கம்மலை அடகு வைத்து, கேட்டதற்கு மேலேயே கட்டிவிட்டு, கடையை மூடிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். கட்டிய பிறகும் போன் வந்துகொண்டிருந்ததாம்.

"அன்னிக்கு நான் சொன்னதுல தப்பான வார்த்தை ஒண்ணும் இல்ல. 'இன்னொரு நாள் பேசலாம்'னுதான் சொன்னேன். அதட்டக்கூட இல்ல. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்" என்கிறார் பயிற்றுநர். கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். "அதட்டியிருந்தாகூட அவங்க வெளியில வந்து சண்டை போட்டுக் கேட்டிருப்பாங்களோ என்னவோ."

அன்றைக்கு அவருக்குப் பதில் தெரியாமலும் இல்லை. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே டிஜிட்டல் கடன்களுக்கான விதிகளை வெளியிட்டிருந்தது. கடன் கொடுக்கும் ஆப் நம் போனில் உள்ள நம்பர் பட்டியலையோ போட்டோக்களையோ தொடக் கூடாது. கடன் பணம் நேராக நம் பேங்க் கணக்குக்கு வர வேண்டும். திருப்பிக் கட்டுவதும் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது. பயிற்சியில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது ஐந்தாவது பாடம். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டிருந்தது நான்காவது.

எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது

சார்ட் வந்தது அதற்குப் பிறகுதான். பெரிய நிறுவனங்களில் பயிற்சி நடத்துகிறவர்கள் இதைப் பல காலமாகச் செய்கிறார்கள். 'பார்க்கிங் லாட்' என்றே அதற்குப் பெயர். பாடத்துக்கு வெளியே வரும் கேள்வியை ஓரமாக எழுதி நிறுத்திவைத்து, கடைசியில் எடுப்பது. மாவட்ட அளவிலான பயிற்சி ஒன்றில் அவர் இதைப் பார்த்தார். வண்டி, சாவி எல்லாம் இவர் சேர்த்தது.

ஆனால், சார்ட் மாட்டுவது சுலபமான பாதி. எந்தக் கேள்வியைச் சார்ட்டில் ஏற்றக் கூடாது என்பதில்தான் இருக்கிறது கஷ்டம்.

'சும்மா கேக்குறேன்' என்று ஆரம்பிக்கும் எதையும் அவர் இப்போது சார்ட்டில் எழுதுவதில்லை. 'எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தங்களுக்கு', 'எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணுக்கு' என்று ஆரம்பிப்பவையும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரருக்காக யாரும் முப்பது பேர் முன்னால் கை தூக்குவதில்லை என்பது அவர் கணக்கு. அந்த மாதிரிக் கேள்வி வந்தால், "இது எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும், டீ டைம்ல ஞாபகப்படுத்துங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வார். டீ டைமில் அவர்கள் வருவதற்குக் காத்திருக்க மாட்டார். டம்ளரைத் தூக்கிக்கொண்டு இவரே போய் பக்கத்தில் உட்காருவார். வராண்டாவின் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான், புருஷன் குடிக்காகத் தன் பெயரில் வாங்கிய கடனும், மகள் போனில் யாருடனோ பேசுவதும், அடி வாங்கிய தழும்பும் வெளியே வரும். பெண்களுக்கான 181-ம் குழந்தைகளுக்கான 1098-ம் அவருக்குக் கனவில் கேட்டாலும் வரும்.

இரண்டாவது வகைக் கேள்விக்கு டீ டைம் வரைகூடக் காத்திருக்க முடியாது. போன வருடம் ஒரு வகுப்பில், பாதியில் ஒரு பெண் போனைப் பார்த்துவிட்டு எழுந்தார். "மேடம், எங்க வீட்டுக்காரர் மெசேஜ் போட்டிருக்காரு. காலையில பேங்க்ல இருந்து பேசுறோம்னு சொல்லி ஓ.டி.பி வாங்கிட்டாங்களாம். 18,000 போயிடுச்சாம்."

பாடம் நின்றது. அங்கேயே ஸ்பீக்கரில் 1930-க்கு அழைத்தார். எந்த பேங்க், எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்று அவர்கள் கேட்கக் கேட்க, இந்தப் பெண் கணவரிடம் இன்னொரு போனில் விசாரித்துச் சொன்னார். மற்ற பெண்கள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு. அன்றைக்கு ஒரு பகுதிதான் பிடிபட்டது. அது திரும்பி வரவும் பல மாதங்கள் ஆயின. வகுப்பில் 25 நிமிடம் போனது. இரண்டு பாடம் நடக்கவில்லை. அறிக்கையில் அதை 'முடிக்கப்படவில்லை' என்றுதான் எழுத முடிந்தது. படிவத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குக் கட்டம் உண்டு, எத்தனை போனில் ஆப் இறங்கியது என்பதற்கு உண்டு, இதற்கு இல்லை. அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டால், அந்த நாலு விவரத்தையும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்கிறார்கள்.

மிச்சக் கேள்விகள் சார்ட்டுக்குப் போகலாம். அதிலும் சில, பார்ப்பதற்குத்தான் பாடத்துக்கு வெளியே. 'நூறு நாள் வேலைக் காசு எங்க போவுதுனே தெரியல' என்பது அப்படிப்பட்ட ஒன்று. 2024 ஜனவரி முதல் அந்தச் சம்பளம் ஆதார் வழியாகத்தான் கணக்குக்கு வருகிறது. ஒருவருக்கு இரண்டு, மூன்று பேங்க்கில் கணக்கு இருந்தால், கடைசியாக எந்த பேங்க்கில் இப்படிப் பணம் வாங்க ஆதாரை இணைத்தாரோ அங்கேதான் போய் விழும். கேஸ் மானியத்துக்காக ஒன்று, குழுக் கடனுக்காக ஒன்று என்று கணக்கு திறந்தவர்கள், பழைய பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பழைய பேங்க் வாசலிலேயே மாதக்கணக்கில் நிற்பார்கள். "வரலம்மா" என்று அங்கே சொல்வதும் உண்மைதான். அங்கே வரவில்லை.

ஆதார் இணையதளத்தில் நம் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி-யைப் போட்டால், எந்த பேங்க்கில் இணைந்திருக்கிறது என்று காட்டும். பயிற்றுநர் இதையே இப்போது செல்போன் பாடமாக ஆக்கிவிட்டார். ஓ.டி.பி என்றால் என்ன, அதை எங்கே போடலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பதையெல்லாம், தன் காசைத் தேடும் பெண்ணிடம் சொல்லும்போது விளக்கவே வேண்டியதில்லை. ஒரு வகுப்பில் இப்படிப் பார்த்து, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த பாஸ்புக்கை எடுத்து பேங்க்குக்குப் போன பெண்ணுக்கு ஆறு மாதச் சம்பளம் அப்படியே இருந்தது. அந்த ஊரில் அடுத்த பயிற்சிக்கு இடம் போதவில்லை.

உரிமைத்தொகைக் கேள்விக்கு இப்படி நேரான பதில் கிடையாது. 2023 செப்டம்பரில் அந்த ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்ததிலிருந்து, அந்தக் கேள்வி வராத ஒரு வகுப்புகூட நடந்ததில்லை என்கிறார். மனு தள்ளுபடியானதா, இல்லை பணம் வேறு கணக்குக்குப் போகிறதா என்று பிரித்துப் பார்ப்பதோடு அவர் வேலை முடிகிறது. முதலாவது என்றால் மேல்முறையீடு, இரண்டாவது என்றால் பேங்க். "நான் வாங்கித் தர்றேன்னு சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த வாரம் என் வீட்டு வாசல்ல நிப்பாங்க. எங்க போகணும், என்ன பேப்பர் எடுத்துட்டுப் போகணும்னு சொல்வேன். அதுவே அவங்களுக்கு யாரும் சொல்லலை."

எல்லாம் தெரிந்தவர்

கேள்வி கேட்பவர்கள் எல்லோருக்குமே மனதில் பாரம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சிலருக்குப் பேச வேண்டும், அவ்வளவுதான். ஒரு கிராம முகாமில் ஆண்களும் வந்திருந்தார்கள். ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தார். ஐந்நூறு ரூபாய் நோட்டை நிறுத்தப் போகிறார்களா, தங்கம் விலை எப்போது இறங்கும், செல்போன் டவரால் சிட்டுக்குருவி செத்ததா... கடைசியாக, "நாம பணம் அனுப்புற விவரமெல்லாம் அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டருக்குப் போகுதாமே, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க ஐயா" என்றார் பயிற்றுநர். அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "கேட்டுச் சொல்றேன். உங்க நம்பர் குடுங்க." கையோடு இன்னொன்றும் செய்தார். "ஐயா, எனக்கு ஒரு உதவி. நான் பேசிட்டே போயிடுவேன். ஒவ்வொரு பாடத்துக்கும் அரை மணி. நீங்க வாட்ச் பார்த்துச் சொல்லுங்க." பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வேறு யாரையும் அவர் நீட்டி முழக்க விடவில்லை.

நாலு நாள் கழித்து அவருக்கு போன் செய்து சொன்னார். இந்தியாவில் நடக்கும் பணப் பரிவர்த்தனைகளின் தகவல்களை இந்தியாவுக்குள்ளேதான் சேமித்துவைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. வங்கி அதிகாரி ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இதுக்காகவா போன் பண்ணினீங்க?" என்றாராம் பெரியவர்.

'தெரியாது' என்று சொல்லக் கூச்சமாக இல்லையா என்றால், ஆரம்பத்தில் இருந்தது என்கிறார். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்டபின் போய்விட்டது. அது என்ன கேள்வி என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

சார்ட் முறையிலும் தோல்விகள் உண்டு. ஒருநாள் மழை. பஸ் முன்னாலேயே கிளம்புகிறது என்று யாரோ சொல்ல, எல்லோரும் எழுந்து ஓடினார்கள். சார்ட்டில் ஏழு கேள்விகள் அப்படியே. அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்கு மேல் வைத்தார். அடுத்த மாதம் அதே ஊருக்குப் போனபோது புது சார்ட்டை மாட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார்.

"என் வண்டி இன்னும் நிக்குதே கண்ணு. எங்க அது?"

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் கேள்வி சார்ட்டில் எந்த இடத்தில் இருந்தது என்பது மட்டும் சரியாக நினைவில் இருந்தது. மேலிருந்து மூன்றாவது. இறந்துபோன மகனின் கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து, சார்ட்டைக் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். பதில் சொல்லி முடித்ததைக் கேட்டவரே வந்து மார்க்கரால் அடித்துவிட்டுப் போக வேண்டும். எழுதத் தெரியாதவர்கள்கூட அந்தக் கோட்டை நன்றாக அழுத்திப் போடுகிறார்கள்.

சுவரோரத்துக் குரல்

அரூர் பக்கத்து வகுப்பில் மணி ஒன்றரை. கடைசிப் பாடம், கடன் ஆப். முன்பு ஐந்தாவதாக இருந்ததை இப்போது எந்த ஊரிலும் அவர் விடுவதில்லை. நேரம் போதாவிட்டால் வேறு எதையாவது விடுகிறார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இட்லிக் கடைப் பெண் அக்கா வீட்டுக்கு வந்தார் என்றோமே, அந்த அக்கா வீடு இருப்பது இந்த ஊரில்தான். இங்கேயே தங்கிவிட்டார். ஆறு மாதத்துக்கு முன் இங்குள்ள குழுவில் சேர்ந்திருக்கிறார். மறுபடியும் மாவு அரைக்கிறார். காலையில் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கும்போதுதான் பயிற்றுநர் அவரைப் பார்த்தார். இருவரும் பழைய கதை எதுவும் பேசவில்லை. "நல்லாயிருக்கீங்களா?" "இருக்கேன் மேடம்." அவ்வளவுதான். அவர் போய் சுவரோரம் உட்கார்ந்தார்.

"அவசரத்துக்குக் காசு வேணும்னா முதல்ல குழுவுல உள்கடன் கேளுங்க" என்கிறார் பயிற்றுநர். "போன்ல வர்ற ஆப்பை இறக்காதீங்க. இறக்கினா முதல்ல ஆதார் கேப்பாங்க, அப்புறம் பான் கார்டு..."

"இல்ல மேடம்."

சுவரோரத்திலிருந்து வந்த குரல். எல்லோரும் திரும்புகிறார்கள்.

"ஆதார் எல்லாம் அப்புறம்தான். முதல்ல போன்ல இருக்குற நம்பரைப் பார்க்கலாமா, போட்டோவைப் பார்க்கலாமானு கேக்கும். நாம என்னன்னு படிக்காம சரி, சரின்னு அமுக்கிட்டே போவோம். அதைச் சொல்லுங்க. அங்கதான் மாட்டுறது."

யாரும் சிரிக்கவில்லை. பயிற்றுநர் மார்க்கரை அவர் பக்கம் நீட்டுகிறார். அவர் வேண்டாம் என்று தலையசைக்கிறார். ஆனால், உட்கார்ந்த இடத்திலிருந்தே தொடர்கிறார். திரையில் என்ன எழுத்து வரும், பச்சைப் பட்டன் எந்தப் பக்கம் இருக்கும், 5,000 என்று போட்டுவிட்டு எவ்வளவு வரும் என்றெல்லாம். முன்வரிசையில் இருவர் தங்கள் போனை எடுத்து, இருக்கும் ஆப்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார்கள். அதில் ஒருத்தி, கல்லூரியில் படிக்கும் வயதுப் பெண், போனைச் சட்டென்று கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

பயிற்றுநர் அதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மணி பார்க்கிறார். இன்றைக்கு டீ ஏற்கெனவே முடிந்துவிட்டது.

"எல்லாருக்கும் இன்னொரு டீ சொல்லலாமா?" என்கிறார்.